ஒரு வளையம் அதிகம்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவருக்கு ரெண்டுதரம் என்று பெயர். எந்த நட்டை முறுக்கினாலும், கருவிப் பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கியவர், பாதியில் நின்று, திரும்ப ஏறி வந்து, இன்னொரு தடவை ஸ்பானரை வைத்துப் பார்ப்பார். நட்டு அசையாது. அசைந்ததே இல்லை.

"என்னண்ணே, இருக்கா, கோவிச்சுக்கிட்டு ஓடிப்போச்சா?" என்று கீழேயிருந்து ஒல்லி கேட்பான். கூட வேலை பார்ப்பவன். ஆள் நல்ல பருமன்.

"இருக்குடா."

அவர் பார்த்துவிட்ட லிஃப்ட் எதுவும் நடுவழியில் நின்றதாகப் புகார் வந்ததில்லை. ஆனாலும் அவர் எந்தக் கட்டடத்திலும் படியேறித்தான் போவார். சமைக்கிறவனே வெளியில் போய்ச் சாப்பிட்டால் நாங்கள் என்ன நினைப்பது என்று ஒல்லி அதற்கும் ஒன்று வைத்திருந்தான்.

வீட்டின் முன்னறையில் அவர் மனைவி தையல் மெஷின் போட்டிருந்தாள். தெருவுக்கு அவள் டெய்லரக்கா. சட்டையோ கவுனோ, எதைத் தைத்தாலும் உள்மடிப்பில், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு பொத்தானை உபரியாகத் தைத்துவிடுவாள். சொல்லமாட்டாள். பொத்தான் அறுந்துபோய் யாராவது வந்து நின்றால், "உள்ள திருப்பிப் பாருங்க" என்பாள். அவர்கள் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை ரசிப்பாள். அவருடைய எல்லாச் சட்டைகளிலும் இடுப்புக்குக் கீழே ஒரு பொத்தான் உறுத்திக்கொண்டிருக்கும். அவர் பழகிவிட்டார்.

பிள்ளைகள் இருவரும் வேலை கிடைத்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். பின்னறை காலியாக இருந்தது. அதில்தான் அந்த எஞ்சின் வந்தது.

எஞ்சின் அவருடைய அண்ணனின் காரிலிருந்து வந்தது. அண்ணன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்தவர். கரும்பலகைப் பக்கம் திரும்பாமலே, பிள்ளைகளைப் பார்த்து நின்றபடி, முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி உலகப் படம் வரைவார் என்று சொல்வார்கள். கார் அவர் வாங்கியபோதே பழையது. உருண்டையான முன்பக்கம், சின்னக் கண்ணாடிகள். திரும்புவதற்கு விளக்கு கிடையாது. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குமிழைத் திருகினால், கதவுக்குப் பக்கத்துத் தூணிலிருந்து ஒரு சிறிய ஆரஞ்சு நிறக் கை வெளியே நீளும். வலதுபக்கக் கை எப்போதும் சிக்கிக்கொள்ளும். அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துத் தூணில் ஒரு தட்டு தட்டுவார். கை நீளும்.

ஒருநாள் காலையில் அண்ணன் பெரிய நாற்சந்தியில் சிவப்புக்கு நின்றார். பச்சை விழுந்தது. கார் நகரவில்லை. மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை. பின்னால் ஹாரன் சத்தம் தெருவையே தூக்கியது. போலீஸ்காரர் வந்து குனிந்து பார்த்தபோது அண்ணன் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் ஒழுங்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எந்தப் பக்கம் சார் போகணும்?"

"அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்" என்றாராம் அண்ணன், வகுப்பில் பதில் சொல்வதுபோல.

டாக்டரிடம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனது இவர்தான். டாக்டர் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். அண்ணன் அழகாக வட்டம் போட்டார். பிறகு எண்களை எழுதினார். பன்னிரண்டும் வட்டத்தின் ஒரே பக்கத்தில், பஸ்ஸில் வாசல் பக்கமே நெருக்கிக்கொண்டு நிற்கும் கூட்டம்போல நின்றன. மறுபாதி வெறுமையாக இருந்தது. எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடித் தம்பியைப் பார்த்து லேசாகச் சிரித்தார். சரியாகச் செய்துவிட்ட சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் இவரால் மறக்க முடியவில்லை.

அப்போது அண்ணனுக்கு என்ன வயதோ, அது இந்த வருடம் தம்பிக்கு வந்திருந்தது.

கொஞ்ச நாள் முன்பு ஒரு கட்டடத்தில், வழக்கம்போல் பாதிப் படியில் நின்றவர், நட்டை முறுக்கினோமா என்று யோசித்தார். முறுக்கியது ஞாபகம் வரவில்லை. மேலே போய்ப் பார்த்தார். முறுக்கியிருந்தது. இதுவரை முறுக்கியது நன்றாக ஞாபகமிருந்தும் மேலே போனவர் அவர்; அன்று ஞாபகமில்லாமல் போனார். கீழே நிற்கும் ஒல்லிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எத்தனை நாளாக இப்படிப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த விடுமுறையில் அண்ணி வீட்டுக்குப் போய், கொட்டகையில் நிற்கும் காரை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

"எடுத்துட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்" என்றாள் அண்ணி. "அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாற்சந்திதான் ஞாபகம் வருது. ஆனா ஓடாது. எஞ்சின் துருப்பிடிச்சு இறுகிப்போச்சு."

"நான் பிரிச்சுச் செஞ்சுக்கறேன் அண்ணி."

"உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

அவர் கொட்டகைக் கதவைத் திறக்கப் போனார். டாக்டர் கொடுக்கும் தாளில் வட்டம் போட அவருக்குத் தைரியமில்லை. ஒரு எஞ்சினை முழுக்கப் பிரித்து, எதையும் எழுதி வைக்காமல், படம் பிடிக்காமல், ஒட்டுச் சீட்டு ஒட்டாமல், மறுபடி சேர்த்து ஓடவைத்துவிட்டால் தலைக்குள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இது அவராக வைத்துக்கொண்ட பரீட்சை. எழுதி வைத்துக்கொண்டு செய்தால் பரீட்சையே இல்லை.

காரைக் கட்டியிழுத்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். கம்பெனியிலிருந்து செயின் புல்லியை இரவல் வாங்கி எஞ்சினைத் தூக்கி, பின்னறையில் மனைவியின் பழைய துணி வெட்டும் மேஜையில் இறக்கினார். மேஜைக்கு அடியில் செங்கல் அடுக்கினார். முட்டை அட்டைகளை வாங்கி வந்து சுவரோரம் வரிசையாக வைத்தார். கழற்றும் ஒவ்வொரு துண்டும் ஒரு குழியில் போகும். எந்தக் குழியில் எது என்பது தலையில் இருக்கும்.

"இத்தனை அட்டையா? உங்க எஞ்சினு என்ன, அடைகாக்கப் போகுதா?" என்றாள் மனைவி.

"பொரிச்சதும் உன்னைத்தான் முதல்ல ஏத்திக்கிட்டுப் போவேன்."

"நல்லாயிருக்கு. நீங்க போற வேகத்துக்கு நான் முன்னாடி நடந்து போய்க் கதவத் தெறந்து வைக்கலாம்."

பிரிப்பதற்குப் பயமாக இல்லை. துருவுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்து, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி பிஸ்டன்களை வெளியே எடுத்தார். பிஸ்டன்கள் ஓடும் பிளாக்கை லேத் பட்டறையில் கொடுத்துத் துளைகளைக் கடைந்து வாங்கினார். புதுப் பிஸ்டன், புது ரிங், புது பேரிங். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துச் சேர்க்க ஆரம்பித்தபோதுதான் பயம் வந்து அறையில் உட்கார்ந்தது. ஒவ்வொரு துண்டையும் கையில் எடுக்கும்போது ஒரு கணம் அது என்னவென்றே தெரியாததுபோல் இருக்கும். பிறகு தெரியும். அந்த ஒரு கணத்தை அவர் வெறுத்தார். ஒருநாள் ஒரு சின்ன வால்வு ஸ்பிரிங்கைக் காணாமல் மேஜைக்கு அடியில் கையும் காலுமாகத் தவழ்ந்து தேடினார். அது சட்டைப் பையில் இருந்தது. எழுந்தபோது மனைவி வாசற்படியில் நிற்பதைப் பார்த்தார். அவள் முன்னறைக்குப் போய்விட்டாள். மெஷின் சத்தம் கேட்க வெகுநேரம் ஆனது.

பிஸ்டனை அதன் தண்டோடு இணைப்பது ஒரு பின். அந்தப் பின் பக்கவாட்டில் நழுவாமலிருக்க இரண்டு முனையிலும் ஒவ்வொரு கம்பி வளையம் போடவேண்டும். கடையில் பின் லாக் என்று கேட்டால் கொடுப்பார்கள். மோதிரம் அளவுதான், வாய் திறந்திருக்கும். மூக்குக் குறட்டால் நெருக்கி உள்ளே விட்டால் காடியில், அந்தச் சிறு பள்ளத்தில், போய் டிக்கென்று உட்காரும். நாலு பிஸ்டனுக்கு எட்டு வளையம். ஒன்றைப் போடாமல் விட்டாலும் எஞ்சின் கிளம்பும், ஓடும். ஓட ஓடப் பின் மெல்ல நகர்ந்து துளையின் சுவரை உழும். வேகமாகப் போகும்போது எங்காவது பிடித்து நிற்கும்.

அவர் எட்டையும் போட்டார். பிஸ்டன்களைத் துளைகளில் இறக்கினார். கீழே எண்ணெய்த் தொட்டியை மாட்டினார். மேலே காஸ்கெட் தகட்டை வைத்து, மூடிபோன்ற ஹெட்டை உட்காரவைத்து, நடுவிலிருந்து தொடங்கி எதிரும் புதிருமாகப் போல்ட்டுகளை முறுக்கினார். ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டு போனால் ஹெட் வளைந்துவிடும். எல்லாம் முடிந்து கை கழுவிக்கொண்டு வந்தார்.

"முடிஞ்சிருச்சு" என்று முன்னறையைப் பார்த்துச் சொன்னார்.

"நிஜமாவா?" என்று அங்கிருந்து சந்தோஷமான குரல் வந்தது.

முட்டை அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். எல்லாக் குழியும் காலி. கடைசி அட்டையைத் தூக்கியபோது ஏதோ உருண்டது. ஒரு குழியில் ஒரு வளையம் கிடந்தது. புதியது. எண்ணெய் பூசிய பளபளப்பு.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.  முன்னறையில் மெஷின் ஓடி நின்றது. வளையத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். முதல் பிஸ்டன்: இடது டிக், வலது டிக். இரண்டாவது: அப்போது தெருவில் யாரோ கூப்பிட்டார்கள். மூன்றாவது. நாலாவது பிஸ்டனின் வலதுபக்கம். அங்கே குறடு தெரிந்தது, விரல் தெரிந்தது. டிக் கேட்கவில்லை. கேட்டதாகக் கற்பனை செய்தால் கேட்டது. எல்லா டிக்கும் ஒன்றுபோலவே இருந்தது.

காரில் மாட்டவேண்டிய எஞ்சின் மேஜையிலேயே நின்றது. ஏன் மாட்டவில்லை என்று மனைவி கேட்டபோது, "ஆறட்டும்" என்றார்.

"என்ன ஆறட்டும்? அடுப்புலயா இருந்துச்சு?"

அவர் சிரிக்கப் பார்த்தார்.

வேலைக்கு நடுவே உதிரிபாகக் கடைக்குப் போனார். கடைக்காரர் கல்லாவில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பின் லாக் பாக்கெட்டுல எத்தனை இருக்கும்?"

"எட்டு சார். அதுக்குமேல போட நான் என்ன தர்ம சத்திரமா நடத்தறேன்?"

"தவறிப்போய் ஒன்பது..."

"தவறினா ஏழுதான் சார் வரும். தவறி யாரு அதிகம் குடுத்தாங்க? தொலைச்சுட்டீங்களா? தொலைச்சா சில்லறையாக்கூடத் தரேன். எத்தனையோ பேரு ஒண்ணு ரெண்டுன்னு வாங்கிட்டுப் போறாங்க."

"தொலைக்கல. கூட இருக்கு."

கடைக்காரர் அவரை விநோதமாகப் பார்த்தார். "அப்ப சந்தோஷப்படுங்க சார்."

அண்ணனையும் போய்ப் பார்த்தார். ஏன் போனார் என்று அவருக்கே தெரியவில்லை. அண்ணன் ஜன்னலோர நாற்காலியில், நன்றாகச் சவரம் செய்யப்பட்டு, சலவைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க. நீங்க யாரோட தம்பி?"

"உங்க தம்பிதாண்ணே."

"அப்படியா?" அண்ணன் யோசித்தார். "நல்லவனா அவன்?"

"பரவாயில்லண்ணே. பயந்தவன்."

"பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க."

அவர் வளையத்தை எடுத்துக் காட்டினார். அண்ணன் வாங்கித் தன் சுண்டுவிரலில் போட்டுப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாய் ஒட்டலையே" என்று கழற்றிக் கொடுத்தார். உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது: "காலைல என்ன சாப்பிட்டோம்னு தம்பிகிட்டச் சொல்லுங்க. எப்ப சாப்பிட்டோம்?" அந்தக் குரல் மெதுவாக, சிறு குழந்தையிடம் பேசுவதுபோல், ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டு வந்தது. அண்ணன் தம்பியைப் பார்த்து லேசாகச் சிரித்தார். தம்பி எழுந்துவிட்டார்.

மறுநாள் வேலை இல்லை. காலையிலேயே பின்னறைக்குப் போய் ஹெட் போல்ட்டுகளைத் தளர்த்த ஆரம்பித்தார். திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஏழு இருந்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன செய்வது என்று அவர் யோசித்து வைக்கவில்லை.

மனைவி தோளில் அளவு நாடாவோடு வாசற்படியில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"பிரிக்கிறேன்."

"முடிஞ்சிருச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"எப்ப சொன்னீங்க?"

அவர் கை நின்றது. கேள்வி மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டு வந்திருந்தது. அந்தக் குரலை அவர் முந்தின நாள்தான் வேறொரு வீட்டில் கேட்டிருந்தார். 

"போன ஞாயித்துக்கிழமை சொன்னேன். நீ 'நிஜமாவா'ன்ன. எல்லாம் ஞாபகம் இருக்கு. ஒரு சந்தேகம், அதான் பிரிக்கிறேன்."

"என்ன சந்தேகம்?"

"எஞ்சின் சந்தேகம். உனக்குச் சொன்னாப் புரியாது."

அவள் போகவில்லை. நாடாவின் ஒரு நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஹெட்டைத் தூக்கினார். தொட்டியைக் கழற்றினார். முதல் பிஸ்டனை மேலே தள்ளி எடுத்தார். இரண்டு பக்கமும் வளையம் இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதில் இருந்தது. நாலாவதை எடுக்குமுன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். எடுத்தார். இடதுபக்கம் பார்த்தார், இருந்தது. உடனே திருப்பவில்லை. பிறகு திருப்பினார்.

இருந்தது.

பயம் விட்டுவிடும் என்று காத்திருந்தார். அது விடவில்லை, இன்னொரு பக்கமாக வந்தது. எட்டும் உள்ளே இருக்கிறது. பாக்கெட்டில் எட்டுதான் வரும். அப்படியானால் பையிலிருக்கும் இது எங்கிருந்து வந்தது? தானே கடைக்குப் போய் ஒன்று வாங்கிவந்து, குழியில் போட்டுவிட்டு, போனதையே மறந்துவிட்டோமா? கடைக்காரர் விநோதமாகப் பார்த்தது அதனால்தானா? மறந்துவிட்டது தெரியாமலே ஒருவன் எவ்வளவு நாள் இருக்கமுடியும்? அண்ணன் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தது கண்ணுக்குள் வந்தது.

பிஸ்டன்களை மேஜையில் வரிசையாக வைத்தார். இரண்டாம் தடவை எண்ணினார். வளையத்தைப் பையிலிருந்து எடுத்து அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது எங்கேயிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியல" என்றார். 

மனைவி கிட்டே வந்து பார்த்தாள். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, இதுவா? இதுக்கா?"

"உனக்குத் தெரியுமா?"

"நான்தாங்க வெச்சேன்."

அவர் அவளையே பார்த்தார்.

"ஸ்பிரிங்கக் காணோம்னு தவழ்ந்தீங்களே, அன்னைக்கு உங்க மூஞ்சியப் பாத்தேன். மனசே கேக்கல. இருக்கறதுலயே சின்ன சாமான் இதுதான். இது தொலைஞ்சுதுன்னா என்ன ஆவீங்களோன்னு, ஒண்ண எடுத்துக் கைக்குட்டையில முடிஞ்சுக்கிட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரரோட மச்சான் இருந்தாரு. இதே மாதிரி ஒண்ணு குடுங்கன்னேன். ரெண்டையும் கொண்டுவந்து அந்தக் குழியில போட்டுட்டேன்." அவள் நிறுத்தினாள். "பொத்தான் வைக்கிற மாதிரிதான். கொறைஞ்சா பயப்படுவீங்கன்னு நெனச்சேன். கூட இருந்தாலும் பயப்படுவீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.  சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியது அவர்தான்.

"தொலைச்சுருவேன்னு ஏன் நெனச்ச?"

அவள் வளையத்தை மேஜையில் திரும்ப வைத்தாள்.

"சொல்லு."

"விடுங்களேன்."

"அண்ணனாலயா? அண்ணன நெனச்சா?"

"அதுவும்தான்." அவள் நாடாவைத் தோளிலிருந்து எடுத்து மடித்தாள். "அந்த நீலச் சட்டைக்கு அளவு குடுக்க வந்து நின்னீங்க. எடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி வந்து, கையத் தூக்கிக்கிட்டு நின்னீங்க. நானும் ஒண்ணும் சொல்லாம எடுத்தேன்."

பின்னறையில் மண்ணெண்ணெய் வாடை நின்றது. அவர் நீலச் சட்டையை நினைத்துப் பார்த்தார். கையைத் தூக்கிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. ஒரு தடவை.

"என் பேரே ரெண்டுதரம்தானே" என்றார்.

"அது வேற இது வேறங்க. சரிபாக்கறதுக்காக வந்து நின்னீங்களா, மறந்துட்டு வந்து நின்னீங்களா?"

"தெரியல."

வெளியில் யாரோ, "டெய்லரக்கா" என்று கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை. கூப்பிட்டவர் போய்விட்டார்.

"இனிமே உபரி வைக்காத" என்றார் அவர். "என்கிட்ட எது கொறைஞ்சாலும் கொறைஞ்சிருக்குன்னு நேரா சொல்லிடு. உள்மடிப்புல ஒளிச்சு வைக்காத."

"சொல்றேன்."

"சத்தியமா?"

"சொல்றேன்னேன் இல்ல?"

எஞ்சினை இரண்டாம் தடவை இருவரும் சேர்ந்து மூடினார்கள். நாலாவது பிஸ்டனைத் துளையில் இறக்குமுன் அவர் அதன் வலதுபக்க வளையத்தைக் கழற்றி அவளையே போடச் சொன்னார். ஊசியில் நூல் கோக்கும் விரல்கள். குறட்டால் நெருக்கி உள்ளே விட்டாள். டிக் கேட்டது. "கேட்டுச்சா?" என்றார். "கேட்டுச்சு" என்றாள். எஞ்சினைத் தூக்கிக் காரில் இறக்க ஒல்லி வந்தான். "அண்ணே, இது ஓடுச்சுன்னா நான் இனிமே லிஃப்டுல ஏறமாட்டேன், இதுலதான் மாடிக்குப் போவேன்" என்றான். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இருமியது, புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. ஒல்லி கைதட்டினான். மனைவி அவரைப் பார்த்தாள். அவர் போனட்டில் கையை வைத்து, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. பரீட்சையில் ஜெயித்தோமா என்று அவருக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை.

அந்தக் காரிலேயே டாக்டரிடம் போனார்கள். அண்ணனைப் பார்த்த அதே டாக்டர். தலை நரைத்திருந்தது. "மூணு வார்த்தை சொல்றேன், மனசுல வெச்சுக்குங்க, அப்புறம் கேப்பேன்" என்றார். "குதிரை. சாவி. நாற்காலி." பிறகு மாதம் கேட்டார், கிழமை கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். பிறகு தாளைத் தள்ளினார்.

"ஒரு கடிகாரம் வரைங்க."

மனைவி அறை மூலையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவர் பேனாவைத் திறக்க நேரமெடுத்துக்கொண்டார். வட்டம் கொஞ்சம் நடுங்கிப் போய்ச் சேர்ந்தது. மேலே பன்னிரண்டு எழுதினார். நேர் கீழே ஆறு. அப்புறம் மூன்று, எதிரே ஒன்பது. ஒன்று, எதிரே ஏழு.

"ஏன் இப்படி மாத்தி மாத்திப் போடறீங்க?" என்றார் டாக்டர்.

"ஒரே பக்கமாப் போனா வளைஞ்சிடும் டாக்டர்."

பன்னிரண்டும் எழுதி முடித்ததும் டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். தலையாட்டினார். மனைவி பெருமூச்சு விட்டது கேட்டது.

"இப்ப அந்த மூணு வார்த்தை?"

"குதிரை" என்றார். "சாவி."

காத்திருந்தார்கள். மேஜைமேல் விசிறியின் காற்றில் தாள் படபடத்தது. இன்னொன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. அது இருந்த குழியும் தெரிந்தது. குழி காலியாக இருந்தது. மனைவி பக்கம் திரும்பினார். அவள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"பயப்பட ஒண்ணும் இல்லைன்னு சொல்லமாட்டேன்" என்றார் டாக்டர். "பயப்படணும்னும் சொல்லமாட்டேன். ஒரு வார்த்தை யாருக்கும் விட்டுப்போகும். கொஞ்ச மாசம் கழிச்சு வாங்க, மறுபடி பாக்கலாம்."

திரும்பும்போதும் அவரே ஓட்டினார். பெரிய நாற்சந்தியில் சிவப்பு விழுந்தது. அவர் காரை நிறுத்தினார். எஞ்சின் சீராக, ஒரு பிசிறில்லாமல் துடித்தது. மனைவி எதிரே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்தது.

கார் நகரவில்லை.

அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள். அவர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் ஒழுங்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு ஹாரன் அடித்தது. இன்னொன்று சேர்ந்துகொண்டது.  எந்தப் பக்கம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். 

"குடை" என்றார் அவர்.

"என்னது?"

"மூணாவது வார்த்தை. குடைதானே?" அவர் அவள் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது.

ஆமாம் என்றால் போதும். காரில் வேறு யாரும் இல்லை. டாக்டர் கேட்கப்போவதில்லை. அவள் மடியிலிருந்த பையின் வாரை விரலில் சுற்றினாள்.

"இல்லைங்க" என்றாள். "நாற்காலி."

மலர்ச்சி அவர் முகத்திலிருந்து மெதுவாக இறங்கியது. அவர் கோபிக்கவில்லை. நன்றி சொல்பவர்போலத் தலையை ஒருமுறை அசைத்தார்.

"நாற்காலி" என்றார். "சரி. நாற்காலி."

கியரைப் போட்டார். அவள் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரே போகலாம், இடதுபக்கம் போகலாம், வலதுபக்கம் போகலாம். வீடு வலதுபக்கம். அவர் குமிழைத் திருகினார். ஏதோ சிக்கியது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் கதவோரத் தூணில் ஒரு தட்டு தட்டினார். வலதுபக்கத்து ஆரஞ்சு நிறக் கை வெளியே நீண்டது.

அவள் மூச்சு விட்டாள். கார் திரும்பத் தொடங்கியது.

ஆரஞ்சுக் கை நீண்டேதான் இருந்தது. அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மறுபடியும் தூணில் ஒரு தட்டு தட்டினார்.